வயலோரத்துக் கீரி

“கீரியும் பாம்பும் போல” என்னும் தொடரை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. இரு குடும்பங்கள் பகைத்துக்கொண்டாலும், அண்ணனும் தம்பியும் வேலிக்காக வழக்காடினாலும், உடனே நாவில் வந்து நிற்பது இத்தொடரே. பல தலைமுறைகளாகக் கீரி என்னும் பிராணி தமிழ் மொழியில் ஒரு பகையின் அடையாளமாகவே வாழ்ந்து வருகின்றது. பாம்பைக் கண்டவிடத்து மயிர் சிலிர்த்து எழுந்து போரிடும் என்பதற்கு அப்பால், அது எங்கே உறங்குகின்றது, எதை உண்கின்றது, குட்டிகளை எவ்வாறு வளர்க்கின்றது என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. ஆண்டு முழுவதும் எந்தப் பிராணியும் போரிட்டுக்கொண்டிருக்க இயலாது. ஒரு போருக்கும் அடுத்த போருக்கும் இடையே செல்லும் நீண்ட நாள்களே அதன் வாழ்க்கை. அந்த வாழ்க்கையை அறியாமற் கீரியைப் பாம்பின் பகை என்று மட்டும் எண்ணியதனால், மனிதர் தமக்கும் பிற உயிர்களுக்கும் செய்துகொண்ட தீங்கு சிறிதன்று.

கீரியின் வாழ்க்கையை அறிவதற்கு மட்டக்களப்பு நாடு ஏற்றதோர் இடம். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி அந்நாட்டை இரண்டாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் திசையிற் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. ஞாயிறு படும் திசையில் வாவிக்கு அப்பால் விரிந்து கிடப்பது படுவான்கரை. எழுவான்கரையிலே தென்னந்தோட்டங்களும் நெருங்கிய ஊர்களும் உள்ளன. படுவான்கரையிலே உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீரால் விளையும் நெல்வயல்கள் உள்ளன. வயல்களின் இடையே வரம்புகளும் வாய்க்கால்களும். அவற்றை அடுத்து மேட்டு நிலங்களும் புற்றுகளும் பற்றைகளும். மேற்கே செல்லச் செல்லக் காடு. வயலும் பற்றையும் நீரும் இவ்வாறு ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் நிலம் கீரிக்கு மிக உகந்தது. எலியும் தவளையும் நண்டும் வெட்டுக்கிளியும் அங்கே உண்டு. ஒளிந்துகொள்ளப் புதரும் உண்டு.

கீரி என்று பொதுவாகச் சொன்னாலும் இலங்கையில் நான்கு இனங்கள் வாழ்கின்றன. உலர்வலயத்துக் காட்டோரங்களிலும் பாதையோரங்களிலும் அடிக்கடி கண்ணிற்படுவது செந்நிறக் கீரி. அதன் வாலின் நுனி கறுத்திருக்கும். நடக்கும்போது அந்நுனியைச் சற்று மேனோக்கி வளைத்துச் செல்லும். இரண்டாவது சாம்பற் கீரி. இதன் ஒவ்வொரு மயிரிலும் வெண்மையும் கருமையும் மாறி மாறி வளையங்களாக அமைந்திருப்பதால், உடல் முழுவதும் உப்பும் மிளகும் தூவினாற் போலத் தோன்றும். வால் நுனியிற் கருமை இராது. மூன்றாவது கபிலநிறக் கீரி. இது கூச்சமுள்ளது, மாலைப் பொழுதிலும் இருளிலும் நடமாடுவது அதிகம். நான்காவது கழுத்துவரிக் கீரி. ஆசியக் கீரிகளுள் இதுவே மிகப் பெரியது. கழுத்தின் இரு பக்கத்திலும் ஓடும் கரிய கோட்டினால் இதனை எளிதில் அறிந்துகொள்ளலாம். இது காட்டையும் நீர்நிலையையும் சார்ந்து வாழ்ந்து, நண்டும் மீனும் தவளையும் தேடி உண்ணும்.

சாம்பற் கீரியை எடுத்துக்கொண்டால், தலையும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ 40 சதமமீற்றர் நீளம். வாலும் ஏறக்குறைய அதே நீளம். நிறை ஒன்று முதல் ஒன்றரைக் கிலோகிராம் வரை இருக்கும். வீட்டுப் பூனையிலும் சிறியது. கால்கள் குட்டையானவை, உடல் நீண்டது, மூக்குக் கூரியது. ஒடுங்கிய எலிவளைக்குள்ளும் புற்றின் வாயிலும் நுழைந்து வெளிவருவதற்கு இதனிலும் பொருத்தமான உடல் அமைவது அரிது. முன்னங்கால் நகங்கள் பூனையின் நகங்களைப் போல உள்ளே மடங்குவனவல்ல. அவை எப்பொழுதும் நீட்டியபடியே இருக்கும்; மண் தோண்டுவதற்கான கருவிகள் அவை. கண்ணின் பாவையும் பூனையினது போலச் செங்குத்தாக அமையாமல், ஆட்டின் கண்ணிலே காண்பது போலக் கிடையாக நீண்டிருக்கும். பரந்த நிலப்பரப்பை இடமும் வலமும் ஒருங்கே நோக்குவதற்கு இவ்வமைப்பு உதவுகின்றது.

செந்நிறக் கீரியும் சாம்பற் கீரியும் பெரும்பாலும் பகலிலே இரை தேடுவன. காலையில் வெயில் ஏறத் தொடங்கியதும் கீரி தன் வளையைவிட்டு வெளியே வருகின்றது. வரம்பின் ஓரமாக, மூக்கை நிலத்தோடு வைத்து, சிறிது தூரம் ஓடும், நிற்கும், பின்னங்கால்களில் எழுந்து சுற்றிலும் நோக்கும், மீண்டும் ஓடும். உலர்ந்த சாணத்தைப் புரட்டி அதன் கீழிருக்கும் வண்டை எடுக்கும். ஈர மண்ணைக் கிளறிப் புழுவைத் தேடும். வெட்டுக்கிளி, தேள், நண்டு, தவளை, ஓணான், எலி, நிலத்திற் கூடு கட்டும் பறவைகளின் முட்டை, விழுந்து கிடக்கும் பழம் ஆகிய அனைத்தும் அதற்கு உணவாகும். இந்த நீண்ட பட்டியலிலே பாம்பும் ஓர் இடத்தைப் பெறுகின்றது; ஆயின் அது முதலிடம் அன்று. நண்பகலின் கடும் வெயிலில் நிழலை நாடி ஓய்ந்து, பொழுது சாயும் வேளையில் மீண்டும் ஒரு சுற்றுச் சென்று, இருள் சூழுமுன் வளைக்குத் திரும்பிவிடும்.

இவ்வளவையும் அது தனியாகவே செய்கின்றது. ஆணும் பெண்ணும் கூடும் காலத்தையும், தாய் குட்டிகளோடு திரியும் காலத்தையும் ஒழித்தால், இந்நாட்டுக் கீரி துணையின்றி வாழும் பிராணி. ஏறத்தாழ இரண்டு மாதக் கருப்பத்தின் பின் தாய்க்கீரி வளையிலோ, கற்குவியலின் இடையிலோ, மரப்பொந்திலோ இரண்டு முதல் நான்கு குட்டிகளை ஈனும். குட்டிகள் கண் திறவாமற் பிறக்கின்றன. தந்தையின் உதவி அங்கே இல்லை. தாயே பாலூட்டி, இரை தேடி, இடம் பாதுகாப்பற்றதென்று கண்டால் வாயிற் கவ்விச் சென்று வேறிடம் சேர்த்துக் காக்கின்றாள். குட்டிகள் ஓடத் தொடங்கியதும் தாயின் பின்னாற் சென்று, எதை மோப்பம் பிடிப்பது, எங்கே தோண்டுவது என்பவற்றைப் பார்த்துப் பழகுகின்றன. சில மாதங்களில் அவையும் பிரிந்து தத்தம் வழியே சென்றுவிடும்.

தனிமை கீரிக் குலம் முழுவதற்கும் உரிய இயல்போ என்று எண்ணினால் அது பிழையாகும். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலுமாக முப்பதுக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பத்திலே, கூட்டு வாழ்க்கையின் எல்லையையே கண்டுவிட்ட ஓர் இனமும் உண்டு. அதன் பெயர் மீர்காட். தென்னாபிரிக்கா, பொற்சுவானா, நமீபியா ஆகிய நாடுகளின் வறண்ட வெளிகளில், சிறப்பாகக் கலகாரி மணல்நிலத்தில், அது வாழ்கின்றது. ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த நிறை. பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றால் ஏறத்தாழ 30 சதமமீற்றர் உயரம். கண்களைச் சுற்றி மை தீட்டினாற் போன்ற கரிய வளையம். அவ்வளையம் பாலை வெயிலின் கூச்சத்தைக் குறைக்கின்றது.

அதன் பெயர் வந்த வழி விந்தையானது. ‘மீர்’ என்றால் ஒல்லாந்த மொழியில் ஏரி. ‘காட்’ என்றால் பூனை. ஏரிப்பூனை என்பது பொருள். ஒல்லாந்தர் அச்சொல்லை முதலில் ஒருவகைக் குரங்குக்கு வழங்கினர். தென்னாபிரிக்காவிலே அது இச்சிறு பிராணிக்கு வந்து சேர்ந்தது. 1638ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றியவர்களும் அதே ஒல்லாந்தரே. ஏரியே இல்லாத பாலையிற் பூனையல்லாத ஒரு பிராணி ஏரிப்பூனை எனப் பெயர் பெற்றது. பெயரைக் கொண்டு பிராணியை அறிய முயல்வோர் எவ்வளவு தூரம் வழிதவறலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

மீர்காட்டின் ஒரு நாள் கூட்டமாகத் தொடங்குகின்றது. வெயில் வந்ததும் வளைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவந்து, வரிசையாக நிமிர்ந்து நின்று, வயிற்றைக் கதிரவனுக்குக் காட்டிக் குளிர் போக்கும். பின்னர் அனைத்தும் சேர்ந்து இரை தேடப் புறப்படும். மணலைத் தோண்டித் தேளும் வண்டும் புழுவும் எடுக்கும்போது தலை குழிக்குள் இருக்கும்; வானிலே பருந்து வட்டமிட்டால் தெரியாது. ஆகவே ஒன்று காவலுக்கு நிற்கின்றது. உயர்ந்த மண்மேட்டிலோ செடியின் உச்சியிலோ ஏறி நின்று, மெல்லிய குரலை விட்டுவிட்டு எழுப்பிக்கொண்டிருக்கும். அக்குரல் கேட்கும் வரை மற்றவை அச்சமின்றித் தோண்டும். பகை தென்பட்டால் குரல் மாறும். வானிலிருந்து வரும் பருந்துக்கு ஒரு குரல், நிலத்தில் வரும் நரிக்கு வேறொரு குரல். ஆபத்து அருகில் இருப்பின் அதே குரலில் அவசரம் ஏறும். 1993ஆம் ஆண்டு தொடக்கம் கலகாரியிலே கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரிம் குளற்றன்–புரொக் தலைமையில் நடந்துவந்த நீண்ட ஆராய்ச்சியின் பயனாக இவை விரிவாக அறியப்பட்டுள்ளன.

காவல் நிற்பது தன்னலமற்ற தியாகம் என்று முன்னர் எண்ணப்பட்டது. அருகிருந்து கணக்கெடுத்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. வயிறு நிறைந்த மீர்காட்டே காவலுக்கு ஏறுகின்றது. பகையை முதலிற் காண்பது அதுவே. வளைவாயிலின் அருகில் நிற்பதால் முதலில் தப்புவதும் பெரும்பாலும் அதுவே. தன் நலமும் கூட்டத்தின் நலமும் அங்கே ஒரே செயலிற் பொருந்தி நிற்கின்றன. அவ்வாறு பொருந்தியதனாலேயே அவ்வழக்கம் நிலைத்தது.

அங்கே பள்ளிக்கூடமும் உண்டு என்று கூறினால் மிகையாகாது. மீர்காட்டின் முக்கிய உணவுகளுள் ஒன்று கொடுக்கில் நஞ்சுள்ள தேள். சிறு குட்டிக்கு அதனைக் கையாளத் தெரியாது. மூத்தவை முதலிற் கொன்ற தேளைக் குட்டிக்குக் கொடுக்கும். குட்டி சற்று வளர்ந்ததும் கொடுக்கை மட்டும் கடித்தெறிந்துவிட்டு உயிருள்ள தேளைக் கொடுக்கும். இறுதியிலே முழுத் தேளையும் கொடுத்து, குட்டி தடுமாறினால் அதை மீண்டும் அதன் முன்னே தள்ளிவிடும். மனிதரல்லாத உயிர்களிடையே கற்பித்தல் என்று துணிந்து கூறத்தக்க சில நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இது 2006ஆம் ஆண்டு அறிவியல் உலகிற்கு எடுத்துரைக்கப்பட்டது. கற்பிப்பவை பெரும்பாலும் தாய் தந்தையர் அல்ல, அண்ணன்மாரும் அக்காமாருமே. அவற்றுள் ஒன்று நாள் முழுவதும் உணவின்றி வளையிலே குட்டிகளுக்குக் காவலிருப்பதும் உண்டு.

எனினும் இக்கூட்டத்தை ஓர் அன்பு மடமாகக் கருதிவிடலாகாது. குழுவிற் பிறக்கும் குட்டிகளில் மிகப் பெரும்பங்கு ஒரே தலைவியின் குட்டிகள். கீழ்நிலையிலுள்ள பெண் ஒன்று கருவுற்றால் தலைவி அதைக் கடித்துத் துரத்திவிடும். அது ஈன்ற குட்டிகளைக் கொன்றுவிடுவதும் உண்டு. துரத்தப்பட்ட பெண் பாலையிலே தனியே அலைந்து மெலிகின்றது. காவலும் கல்வியும் தரும் கூட்டமே ஒடுக்குமுறையையும் உடன் தருகின்றது. அதனை ஏற்றேனும் கூட்டத்திற் கிடப்பது, தனியே நின்று பருந்தின் கையிற் சிக்குவதிலும் மேலாக இருப்பதனாலேயே மீர்காட்கள் ஒன்றாக வாழ்கின்றன.

ஒரே குடும்பத்துப் பிராணிகள், ஓரிடத்தில் தனிமையும் மற்றோரிடத்திற் கூட்டமுமாக வாழ்வதற்குக் காரணம் யாது? விடை நிலத்திலும் உணவிலும் இருக்கின்றது. கலகாரி திறந்த வெளி. ஒளிந்துகொள்ள இடம் சிறிது. பருந்தும் நரியும் மிகுதி. அங்கே பல கண்கள் வேண்டும். உணவோ மணலுக்குள் எங்கும் பரந்து கிடக்கும் வண்டும் தேளும். பக்கத்தில் மற்றொன்று தோண்டுவதால் ஒன்றின் வண்டு ஓடிவிடாது. படுவான்கரையின் நிலைமை வேறு. அங்கே பற்றை அடர்ந்தது. அபாயம் வந்தால் ஒரு பாய்ச்சலில் மறைந்துவிடலாம். இரையோ எலியும் தவளையும் ஓணானும். அரவம் கேட்டால் ஓடிவிடுவன. பத்துக் கீரிகள் சேர்ந்து சென்றால் பத்தும் பட்டினி கிடக்க நேரும். ஓசையின்றித் தனியே செல்வதே அங்கே பிழைக்கும் வழி. பிறவிக் குணம் என்று பொதுவாகக் கூறப்படுவதன் பின்னே நிலத்தின் கையும் இருப்பதைக் கீரிக் குடும்பம் இவ்வாறு எடுத்துக்காட்டுகின்றது.

இனி, பாம்போடு அது நடத்தும் போரைப் பார்க்கலாம். கீரி போருக்கிடையே காட்டுக்குள் ஓடி ஒரு மூலிகையைத் தின்று நஞ்சை முறித்துக்கொண்டு மீண்டும் வரும் என்பது பழைய நம்பிக்கை. கீரிப்பூண்டு என்று ஒரு செடிக்குப் பெயரும் இட்டனர். சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு 1753ஆம் ஆண்டில் அச்செடிக்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, அதிலும் கீரியின் பெயரைச் சேர்த்தார். இவ்வளவு பெருமை பெற்ற அந்நம்பிக்கைக்குச் சான்று கிடைக்கவில்லை. கீரியைக் காப்பது அதன் உடலே.

நாகபாம்பின் நஞ்சிலுள்ள முக்கியமான கூறு ஒன்று, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுக்கின்றது. தசையின் மேற்பரப்பிலே அக்கட்டளையை ஏற்கும் ஒருவகைப் புரதம் உண்டு. நஞ்சு அப்புரதத்திற் போய் ஒட்டிக்கொண்டு, பூட்டிலே வேறொரு திறவுகோலை முறித்துவிட்டாற் போல வழியை அடைத்துவிடும். மூச்சு விடும் தசைகள் ஓய்ந்து உயிர் பிரியும். கீரியின் உடலில் அப்புரதத்தின் அமைப்புச் சிறிது மாறியிருப்பதால் நஞ்சு அதில் ஒட்டுவதில்லை. இதனை இசுரவேல் நாட்டு வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் 1992ஆம் ஆண்டில் விளக்கினர். தன் நஞ்சினாலே தான் மடியாதிருக்க, நாகத்தின் உடலிலும் இதனையொத்த மாற்றம் அமைந்திருக்கின்றது. பகைவர் இருவரும் அணிந்திருப்பது ஒரே வகைக் கவசம் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

ஆயினும் அக்கவசம் முழுமையானதன்று. அது நாக நஞ்சின் ஒரு கூற்றுக்கே உரியது. ஈழத்து வழக்கிற் புடையன் எனப்படும் கண்ணாடி விரியனின் நஞ்சு குருதியைத் தாக்குவது. அங்கே இக்கவசம் பயன்படாது. பெரிய பாம்பு ஆழமாகக் கடித்தாற் கீரியும் இறக்கலாம். ஆகவே அதன் முதற் காப்பு விரைவே. மயிரைச் சிலிர்த்து உடலை இரு மடங்காகக் காட்டும். பாம்பு கொத்தினால் பல்லிற் படுவது பெரும்பாலும் மயிரே. பாம்பை மீண்டும் மீண்டும் கொத்தத் தூண்டி, அது களைத்த நொடியிலே தலையைக் கவ்வி நொறுக்கிவிடும். பசியில்லாத கீரி பாம்பைத் தேடிச் சென்று போரிடுவதாக எண்ணுவதற்கில்லை. பாம்பாட்டியின் கூடையிலிருந்து கட்டவிழ்த்துவிடப்படும் கீரி போரிடுவது, அதற்கு விலகிச் செல்ல வழியில்லாமையால்.

கீரியைப் பகையின் வடிவமாக மட்டும் கண்டதனால் விளைந்த பெருந் தீங்கு இங்கேதான் தொடங்குகின்றது. 1872ஆம் ஆண்டு யமேக்காத் தீவிலே கரும்புத் தோட்டங்களை எலிகள் அழித்தபோது, தோட்ட முதலாளி ஒருவர் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வருவித்து விட்டார். முதலில் எலிகள் குறைந்தன. எங்கும் புகழ் பரவியது. 1883ஆம் ஆண்டில் அவாய்த் தீவுகளுக்கும் கீரிகள் கொண்டுசெல்லப்பட்டன. எலிகள் பெரும்பாலும் இரவிலே திரிவன. கீரி பகலிலே திரிவது என்பதை எவரும் ஆழ்ந்து எண்ணவில்லை. கீரி தனக்கு எளிதிற் கிடைத்ததை உண்டது. அத்தீவுகளின் பறவைகள் நிலத்திலே முட்டையிட்டு அச்சமின்றி வாழ்ந்தவை. கீரியைப் போன்ற ஒரு பகையை அவை முன் கண்டதில்லை. பறவைகளும் பல்லிகளும் ஆமை முட்டைகளும் அழிந்தன, எலிகள் மீந்தன.

பாடம் அத்துடன் முடியவில்லை. யப்பானின் அமாமித் தீவிலே ‘ஆபு’ என்னும் நச்சுப் பாம்பை ஒழிப்பதற்காக 1979ஆம் ஆண்டில் ஏறத்தாழ முப்பது கீரிகள் விடப்பட்டன. அப்பாம்பும் இரவிலே திரிவது. கீரியும் பாம்பும் அங்கே சந்தித்ததே அரிது. உலகில் வேறெங்கும் பெரிதும் காணப்படாத கரிய அமாமி முயல் கீரிக்கு இரையாயிற்று. முப்பது கீரிகள் ஏறத்தாழ பதினாயிரமாகப் பெருகின. பின்னர் அவற்றைப் பிடிக்கப் பொறிகளும் பயிற்றப்பட்ட நாய்களும் வேண்டியதாயிற்று. கடைசிக் கீரி 2018ஆம் ஆண்டிற் பிடிபட்டது. தீவு கீரியற்றதாயிற்று என 2024ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் யப்பானிய அரசு அறிவித்தது. பழமொழியை நம்பிச் செய்த ஒரு செயலைத் திருத்துவதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. குற்றம் கீரியினது அன்று. அது எங்கும் கீரியாகவே நடந்துகொண்டது. மனிதரே அதனைப் பாம்பின் பகை என்று மட்டும் எண்ணி ஏமாந்தனர்.

மட்டக்களப்பிலே கீரி அயலிலிருந்து கொண்டுவரப்பட்டதன்று, அந்நிலத்தோடு பிறந்தது. அங்குள்ள எலியும் பாம்பும் பறவையும் நெடுங்காலமாக அதனோடு வாழ்ந்து பழகியவை. எனவே யமேக்காவிற் கேடாக முடிந்தது இங்கே பயனாக அமைகின்றது. வரம்புகளிலே வளை தோண்டி நெற்கதிரை வெட்டும் எலியை, அவ்வளைக்குள்ளேயே சென்று பிடிக்கக்கூடிய உடல் கீரிக்கு உண்டு. கீரி ஒன்றே எலித்தொல்லையைத் தீர்த்துவிடும் என்பதில்லை. ஆந்தை, சாரைப்பாம்பு, உடும்பு, காட்டுப்பூனை ஆகியவற்றோடு சேர்ந்து அது தன் பங்கைச் செய்கின்றது. அவ்வேலையிற் பகற்பொழுதின் பங்கு பெரிதும் அதனுடையது.

அப்பங்கு எவ்வளவு பெறுமதியுடையது என்பதை வயலில் இறங்கும் மக்களின் துன்பத்தை நோக்கி அறியலாம். 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வின்படி, ஆண்டொன்றில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர். ஏறத்தாழ 400 பேர் இறக்கின்றனர். இத்துன்பத்தின் பெரும்பங்கு கமக்காரரையே சேர்கின்றது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து தொற்றும் எலிக்காய்ச்சலும் வயல் வேலை செய்வோரின் நோயே. எலி பெருகினால் அதைத் தேடிப் பாம்பும் வாடிக்கும் வீட்டுக்கும் அணுகும். மார்கழி மழையில் வயல்கள் வெள்ளத்தில் மூழ்கும்போது எலியும் பாம்பும் மேட்டு நிலத்தை நாடி மனிதரின் அருகே வந்து சேரும். அந்நாளில் வரம்போரத்துப் பற்றையிலே கீரி இருப்பதும் இல்லாதிருப்பதும் சிறிய வேறுபாடன்று.

கோழி வளர்ப்போருக்குக் கீரியின் மேற் கோபம் உண்டு. அக்கோபத்திற்கு நியாயமும் உண்டு. காவலின்றித் திரியும் குஞ்சையும், திறந்து கிடக்கும் முட்டையையும் கீரி எடுக்கும். ஆனால் இரவிலே கூட்டிலிருந்து கோழி மறைந்தால், பகலில் திரியும் கீரியின் மேற் பழி போடுவது பொருந்தாது. மரநாயையும் மீன்பிடிப் பூனையையும் தெருநாயையும் முதலில் எண்ணவேண்டும். ஆராயாது கீரியைத் தண்டித்தவரின் கதை தமிழர்க்குப் புதியதன்று. கீரிப்பிள்ளையைக் கொன்ற பழியால் துயருற்ற பார்ப்பனப் பெண்ணுக்குக் கோவலன் உதவிய செய்தி சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் வருகின்றது. பிள்ளையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியின் வாயிலே குருதியைக் கண்டு, பிள்ளையைக் கொன்றுவிட்டதென மயங்கி அதனை மாய்த்த தாயின் கதையாக மக்கள் அதனை அறிவர். கோழிக்கூட்டுக்கு நெருங்கிய கம்பி வலையும் இறுக மூடும் கதவும் அமைத்துவிட்டாற் கீரிக்கும் கோழிக்கும் வழக்கு இல்லை.

கீரியை விரும்புவோர் செய்யும் தவறும் ஒன்று உண்டு. குட்டியைப் பிடித்து வீட்டில் வளர்க்கலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். நீர்வெறுப்பு நோய் கீரிகளையும் பற்றக்கூடியது. இலங்கையிலும் அது கீரிகளிற் கண்டறியப்பட்டுள்ளது. எனவே காட்டுக்கீரியைக் கையாற் பிடிப்பது ஆபத்தானது. அது கடித்தால் காயத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு நன்கு கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அயல் நாடாகிய இந்தியாவிலே ஓவியத் தூரிகை செய்வதற்காக அதன் மயிரை நாடிக் கீரிகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டு வந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவ்வாணிகம் இன்று தடைசெய்யப்பட்டதாகும்.

கீரிக்கு மனிதரிடமிருந்து வேண்டுவது மிகச் சிறிதே. வயல் துப்புரவு செய்யும்போது வரம்போரத்துப் பற்றை அனைத்தையும் எரித்துவிடாமல் ஆங்காங்கே ஒரு புதரை விட்டுவைத்தல் வேண்டும். பழைய புற்றை இடியாது விடுதல் வேண்டும். எலிநஞ்சை அளவின்றி இறைப்பதைத் தவிர்த்தல் வேண்டும். நஞ்சுண்ட எலி தள்ளாடித் திரியும்போது அதனைப் பிடித்து உண்ணும் கீரிக்கும் ஆந்தைக்கும் அந்நஞ்சு போய்ச் சேர்கின்றது. எலியைக் கொல்ல இட்ட நஞ்சு எலியின் பகைவரைக் கொன்றுவிட்டால், அடுத்த போகத்தில் மீண்டு பெருகுவது எலியே. எலி விரைவிற் பெருகும். ஒரு முறையிற் சில குட்டிகளை மட்டும் ஈனும் கீரி அவ்வளவு விரைவிற் பெருகாது.

சூடடித்து நெல் வீடு வந்து சேர்ந்ததும், களவெட்டியிலே சிந்திய மணிகளைத் தேடி எலிகள் வரும். ஆள்கள் ஊர் திரும்பிய பின், மறுநாட் காலை வெயிலிலே கீரியும் அவ்வழியே வரும். கூலி கேளாத அந்தக் காவலாளி வந்து தங்குவதற்கு வயலோரத்திலே ஒரு பற்றை மட்டும் இருந்தாற் போதும்.